ஆட்டுக்கிட்ட சொன்ன பதில்

பெரம்பலூர் டவுனத் தாண்டி இருக்குற ஒரு தனியார் இன்ஜினியரிங் காலேஜுல அம்சவள்ளிக்கு ரெண்டு பேரு. ரிஜிஸ்டர்ல இருக்குறது கு. அம்சவள்ளி, உதவிப் பேராசிரியர். பசங்க வச்சது 'லோடிங் மேம்'.

காரணம் இல்லாம வைக்கல. ஒரு டவுட்டு கேட்டா அவகிட்ட உடனே பதில் வராது. கண்ணாடிய கழட்டுவா. முந்தானையில தொடைப்பா. திரும்ப மாட்டிக்குவா. ஜன்னல் வழியா அந்தப் பக்கம் காயப்போட்டிருக்குற மக்காச்சோளத்த ஒரு பார்வ பாப்பா. அப்புறமா, "அது வந்து…"ன்னு ஒரு இழுவ. கடைசி பெஞ்சு பசங்க இத அப்படியே செஞ்சு காட்டுவானுங்க. செஞ்சு காட்டுறப்ப அவளே வாசல்ல நின்னு பாத்திருக்கா. "கண்ணாடிய இடது கையால தொடைக்கணும்டா"ன்னு திருத்திட்டு அட்டெண்டன்ஸ் எடுத்தா.

ரெண்டாவது காரணம் அவ பி.எச்.டி. அவ பதிவு பண்ணப்ப முதல் வருஷம் படிச்ச பசங்க, இப்ப கல்யாணப் பத்திரிக்கையோட வந்து, "மேம், உங்களது முடிஞ்சிருச்சா?"ன்னு கேக்குறானுங்க. "முடியுது முடியுது"ன்னு சொல்லிட்டு பத்திரிக்கைய வாங்கி வச்சிக்குவா.

பொறந்தது ஜெயங்கொண்டத்துக்குப் பக்கத்துல, முந்திரிக்காட்டு ஊரு. அப்பா குருநாதன், அரியலூர் பக்கம் சுண்ணாம்புக்கல்லு லாரி ஓட்டுனாரு. வூட்டுக்கு வந்தா தலையில இருந்து காலு வரைக்கும் வெள்ளையா இருப்பாரு. அவருக்கு மக என்ன படிக்கிறான்னு ஒரு கணக்கு உண்டு. "தேடுறதுக்கு படிக்கிதாமில்ல"ம்பாரு. "ஏம்மா அம்சா, அந்தப் படிப்புல என் மூக்குக் கண்ணாடி எங்கருக்குன்னு கொஞ்சம் பாத்து சொல்லேன்." கண்ணாடி அவரு நெத்தியிலதான் இருக்கும். அவரு மூச்சுத் திணறி தஞ்சாவூரு ஆஸ்பத்திரியில கெடந்தப்ப, கட்டிலுக்குக் கீழ உக்காந்துதான் அம்சவள்ளி மூணாவது அத்தியாயத்த திருத்துனா. அவரு போனதுக்கப்புறம் அந்த அத்தியாயமே வேணாம்னு கைடு எடுத்துட்டாரு.

இப்ப குரும்பலூர்ல ஒரு வாடகை வூடு. அவளும் அம்மா முத்தாயியும். பொண்ணுக்கு ஏன் இன்னும் கல்யாணம் பண்ணலன்னு யாராச்சும் கேட்டா முத்தாயி டிவியில இருந்து கண்ண எடுக்காம சொல்லும், "அது படிச்சிக்கிட்டு இருக்கு." மொதல்ல அத சொல்றப்ப கொரல்ல ஒரு மிதப்பு இருந்துச்சு. இப்ப, ஒடம்பு சரியில்லாத புள்ளைய பத்தி சொல்ற மாதிரி சொல்லுது.

அப்படி என்னத்த தேடுறா அவ?

வெள்ளாம பாக்குற ஒரு சம்சாரி போன எடுத்து, "வெங்காயத் தாளு திருகிக்கிட்டு போவுது, என்ன அடிக்கிறது"ன்னு அவரு பேசுற மாதிரியே கேக்குறாருன்னு வச்சிக்கங்க. எங்கெங்கியோ கெடக்குற வேளாண்மைத் தாளு, பேப்பர் செய்தி, துண்டுப் பிரசுரம் எல்லாத்தையும் பொரட்டி, அவருக்கு ஒதவுற தாள மேல கொண்டாந்து மெஷின் நீட்டணும். படிச்சவங்க தமிழ்ல கேட்டா மெஷினுக்குப் புரியும். "சோளக் குருத்துல புழு பூந்து சல்லடையா ஆக்கிடிச்சி"ன்னு கேட்டா முழிக்கும். அந்த முழிய நிறுத்துறதுதான் அம்சவள்ளியோட ஆராய்ச்சி. மெஷின அவ செஞ்சிட்டா. ஓரளவுக்கு ஓடவும் ஓடுது.

ஆனா ஓடுதுன்னு அவளே சொன்னா போதாது. நிரூபிக்கணும். அதுக்கு மனுஷங்க வேணும். ஒவ்வொரு கேள்விக்கும் மெஷின் எடுத்துக் குடுக்குற தாள ஒரு ஆளு படிச்சி, 'உதவும்', 'கொஞ்சம் உதவும்', 'உதவாது' இப்படி மூணுல ஒண்ணத் தட்டணும். அதே தாள இன்னொரு ஆளு, மொத ஆளு என்ன போட்டாருன்னு தெரியாம, தனியா தட்டணும். அப்புறம் ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல வச்சிப் பாக்கணும். ரொம்ப மாறுனா கேள்வியே கோளாறு. கொஞ்சம் மாறி, மிச்சம் ஒத்துப் போனா, ஆஹா, நம்பலாம். ரெண்டு மனுஷ புத்தி அப்படித்தான் ஒத்துப் போகும்.

முதல்ல பசங்கள உக்கார வச்சா. அவனுங்க பரீட்சையில செய்யுறத இங்கயும் செஞ்சானுங்க. அப்புறம் கூட வேல பாக்குற வாத்தியாருங்க ரெண்டு பேரு. அவங்க படிக்காமலே தட்டுனாங்க. காப்பி குடிக்கிற நேரத்துல நூறு தாளு முடிஞ்சிருந்துச்சு.

அந்த நேரத்துலதான் நிர்வாகத்துல இருந்து சொல்லி விட்டாங்க. பி.எச்.டி. இல்லாதவங்க வர்ற ஜூன்ல இருந்து வரவேணாம். யூனிவர்சிட்டியும் அவளுக்கு இதுக்கு மேல கெடு நீட்ட முடியாதுன்னுடுச்சி. அதுக்குள்ள ஒரு ஜர்னல்ல கட்டுரை ஏறணும், ஏறினாத்தான் தீசிஸ் குடுக்கலாம். குடுக்கலன்னா பதிவே ரத்து. லோடிங் லோடிங்னு ஓடுனது அப்படியே அணைஞ்சி போகும்.

கைடு அரங்கநாதன் சார் திருச்சியில இருக்காரு. கெட்டவரு இல்ல. ஒவ்வொரு வாக்கியத்துக்கும் முன்னால ஒரு செருமல் வரும், அவ்ளோதான். "க்ஹ்ம். அம்சவள்ளி. க்ஹ்ம். இண்டிபெண்டெண்டா ரெண்டு பேரு. உலகத்துல ஒரு ரெண்டு பேரு கிடைக்க மாட்டாங்களா உனக்கு?"

கிடைச்சாங்க. மூணாம் வருஷம் படிக்கிற நந்தினி, செட்டிகுளத்துப் பொண்ணு, லேப்ல பேச்சோட பேச்சா சொன்னா. "எங்க வூட்ல எங்கம்மாவும் சித்தியும் இருக்காங்க மேம். ரெண்டு பேருக்கும் வெங்காயம் அத்துப்படி. அம்மா எட்டாவது, சித்தி பிளஸ் டூ. நல்லா படிப்பாங்க. ஆனா ஒண்ணா உக்கார மாட்டாங்க."

"ஏன்?"

"பேசிக்க மாட்டாங்க மேம். ஏழு வருஷமா. நடுவுல செவுரே வச்சாச்சு."

வேற யாரா இருந்தாலும் 'அடப்பாவமே'ன்னு இருப்பாங்க. அம்சவள்ளி கண்ணாடிய கழட்டக் கூட இல்ல. "நெசமா பேசிக்க மாட்டாங்களா?"

"சத்தியமா மேம்."

"நடுவுல சமாதானம் கிமாதானம் ஆயிட மாட்டாங்களே?"

நந்தினி அவள ஒரு மாதிரி பாத்தா. "ஆவ மாட்டாங்க மேம்"ன்னா, மெதுவா.

செட்டிகுளத்துல மலை மேல முருகன் கோயிலு. கீழ ஊரச் சுத்தி வெங்காயம் சேத்து வைக்கிற பட்டறை. நந்தினி வூட்டுக்கு முன்னால ஒரே வாசலு. அதுல இடுப்பு உசரத்துக்கு ஒரு செவுரு, பூசாத செங்கலு. இந்தப் பக்கம் அண்ணன் பொண்டாட்டி பாக்யலட்சுமி, நந்தினியோட அம்மா. அந்தப் பக்கம் தம்பி பொண்டாட்டி அனிதா. ஆம்பளைங்க ரெண்டு பேரும் வயல்ல பேசிக்குவாங்க, வாசலுக்கு வந்தா வாய மூடிக்குவாங்க.

சண்டைன்னு ஒண்ணும் நடக்கல. அதுதான் அதுல இருக்குற கொடும. நந்தினிக்கு சடங்கு சுத்துனப்ப ஆலம் சுத்த பொம்பளைங்கள ஒவ்வொருத்தரா கூப்புட்டாங்க. சித்திக்காரி அனிதா பட்டுப் பொடவ கட்டிக்கிட்டு தட்டுக்குப் பக்கத்துலயே நின்னா. கூட்டத்துல யாரோ ஒரு கெழவி, "புள்ள பெத்த மவராசிங்க மட்டும் வாங்கடி"ன்னுச்சு. அனிதாவுக்கு புள்ள இல்ல. இன்னி வரைக்கும் இல்ல. அவ திரும்பி பாக்யலட்சுமி மூஞ்சியப் பாத்தா. பாக்யலட்சுமி ஒண்ணும் சொல்லல. 'அவளும் சுத்தட்டும்'னு ஒரு வார்த்த. அந்த வார்த்த வரல. அனிதா ஒவ்வொரு அடியா பின்னால நகந்து, அப்படியே தன் வூட்டுக்குள்ள போயிட்டா. மறு மாசம் செவுரு வந்துச்சு.

அம்சவள்ளி ஆளுக்கொரு பழைய டேப், பெரிய போன் மாதிரி விரலால தட்டுறது, குடுத்தா. தட்டுறது எப்படின்னு தனித்தனியா சொல்லிக் குடுத்தா. ரெண்டு பக்கமும் ஒரே வாக்கியத்த சொன்னா: "ஒரே ஒரு கண்டிசன்தான். இதப் பத்தி ரெண்டு பேரும் பேசிக்கக் கூடாது."

"நாங்கதான் எதப் பத்தியுமே பேசுறதில்லையே டீச்சர்"ன்னா பாக்யலட்சுமி.

அந்தப் பக்கம் அனிதா கேட்டது வேற. "அவங்க போடுறதும் நான் போடுறதும் மாறுனா என்ன டீச்சர் ஆவும்?"

"ஒண்ணும் ஆவாது."

"யாருதாச்சும் ஒண்ணு தப்புன்னுதானே வரும்?"

"அப்படியில்லங்க அனிதா…"ன்னு அம்சவள்ளி ஒரு விளக்கம் குடுத்தா. சரியான விளக்கம். க்ளாஸ்ல குடுக்குற மாதிரியே குடுத்தா. க்ளாஸ்ல தலையாட்டுற மாதிரியே அனிதாவும் தலையாட்டுனா.

வேல ஜோரா நடந்துச்சு. தை முடிஞ்சி மாசி பாதியில ரெண்டு டேப்பும் வந்து சேந்துச்சு. ஸ்டாஃப் ரூம்ல உக்காந்து ரெண்டு பேரு பதிலையும் பக்கத்துல வச்சிப் பாத்தா அம்சவள்ளி. ஒத்துப் போகுது. எல்லாமே ஒத்துப் போகுது. நூத்துக்கு தொண்ணூத்தெட்டு. அன்னிக்கு வூட்டுக்குப் போறப்ப முத்தாயிக்கு அல்வா வாங்கிக்கிட்டுப் போனா. "முடிஞ்சிருச்சா?"ன்னுச்சு முத்தாயி. "முடிஞ்ச மாதிரிதாம்மா."

அரங்கநாதன் சாருக்கு செருமல் கூட வரல, அவ்ளோ சந்தோஷம். கட்டுரைய அனுப்புனாங்க.

பதில் வந்துச்சு. ஜர்னலுக்காக கட்டுரைய படிச்சிப் பாத்த ரிவ்யூவர் ரெண்டு பேர்ல மொத ஆளு, நல்ல முயற்சி, கமா சரியில்லன்னு எழுதியிருந்தாரு. ரெண்டாவது ஆளு நாலே வரி. 'ரெண்டு மனுஷங்க இந்த அளவுக்கு ஒத்துப் போறத நான் பாத்ததில்ல. அதுலயும் 'கொஞ்சம் உதவும்' போட்ட எடத்துல எல்லாம் ரெண்டு பேரும் சேந்து 'கொஞ்சம்' போட்டிருக்காங்க. அவங்க கலந்து பேசலன்னு ஆசிரியரால உறுதி சொல்ல முடியுமா? இன்னும் கொஞ்சம் கேள்விகளுக்கு மதிப்பீடு செஞ்சி அனுப்பவும்.'

"க்ஹ்ம். பேசிக்கவே மாட்டாங்கன்னு நீதானே சொன்ன. அதையே எழுது. இன்னொரு கட்டு குடுத்து வாங்கு. முடிஞ்சுது."

இன்னொரு கட்டு கேள்விய குடுத்துட்டு, ஒரு வாரங்கழிச்சி சொல்லாம கொள்ளாம செட்டிகுளம் போனா அம்சவள்ளி. சந்தேகப்பட்டு இல்ல. சனிக்கெழம, பஸ்ஸு கெடச்சிது, போனா. உச்சி வெயில். வாசல்ல யாரும் அவளப் பாக்கல. வேப்ப மரத்துக்கு இந்தப் பக்கமே நின்னுட்டா, ஏன்னா உள்ள பேச்சு சத்தம் கேட்டுச்சு.

பாக்யலட்சுமி செவுத்துக்கு முதுகு காட்டி உக்காந்திருந்தா. மடியில டேப். எதுர்ல ஒரு கருப்பு வெள்ளாடு.

"ஏண்டி கருப்பி"ன்னா ஆட்டப் பாத்து. "வெங்காயத்துக்குக் கேட்டா பருத்திக்குப் பதில் போட்டிருக்கானுவோ. நான் உதவாதுன்னு தட்டப் போறேன். நீ என்னடி சொல்ற?"

ஆடு ஒண்ணும் சொல்லல. செவுத்துக்கு அந்தப் பக்கத்துல இருந்து வந்துச்சு, முறத்துல பொடைக்கிற சத்தத்தோட:

"இந்த ஆட்டுக்கு எப்பவுமே அவசரம். கடைசி பத்திய யாரு படிப்பாங்களாம்? வெங்காயத்துக்கும் இதே மருந்துதான்னு அங்க போட்டிருக்கு. உதவும்னு தட்டாம உதவாதுங்குது பாரு, கழுத."

"ஆடுடி அது, கழுத இல்ல"ன்னு பாக்யலட்சுமி ஆட்டுக்கிட்டயே சொன்னா. கடைசி பத்திக்குத் தள்ளிப் படிச்சா. உதடு அசைய அசையப் படிச்சா. "ஆமாங்கறேன் கருப்பி. ஆனா அளவு போடலயே. எவ்ளோ ஊத்துறதுன்னு தெரியாம என்னத்த அடிக்கிறது?"

முறம் நின்னுச்சு. "அதுவும் சரிதான். அப்ப 'கொஞ்சம்'னு போடச் சொல்லு அந்த ஆட்ட."

"'கொஞ்சம்'னு போட்டாச்சு கருப்பி. நீயும் போட்டுக்க."

செவுத்து மேல ஒரு எவர்சில்வர் கிண்ணம் மூடி வச்சிருந்துச்சு. அந்தப் பக்கத்துல இருந்து அனிதா சொன்னா, "மொச்சக் கொழம்பு. கருப்பிக்கு வச்சேன்."

"ஆடு மொச்சக் கொழம்பு தின்னுமாடி கருப்பி?"ன்னு பாக்யலட்சுமி கிண்ணத்த எடுத்து மூடியத் தெறந்து மோந்து பாத்தா. ஆட்டுக்கு ஒரு சொட்டு கெடைக்கல.

அம்சவள்ளிக்கு மொதல்ல சிரிப்பு வந்துச்சு. நெசமாவே வந்துச்சு. வாயில முந்தானைய வச்சிக்கிட்டு சிரிச்சா. அந்த சிரிப்பு பாதி வழியிலயே வேற என்னமோவா மாறிப் போயி, மரத்தப் புடிச்சிக்கிட்டு அப்படியே நின்னா. தை, மாசி, அத்தன தாளும் இப்படித்தான்.

அவளப் பாத்ததும் பாக்யலட்சுமி கிண்ணத்த முந்தானையில மறைச்சா.

"பேசக் கூடாதுன்னேனேக்கா"ன்னா, அழாத கொறையா.

"அய்யோ, பேசல டீச்சர்." பாக்யலட்சுமி நெஞ்சுல கை வச்சா. "அந்த முருகன் மேல சத்தியம். இவகிட்ட நான் ஒரு வார்த்த பேசல. ஆட்டுக்கிட்டதான் பேசுனேன். அது எங்க வூட்டு ஆடு."

செவுத்துக்கு மேல அனிதாவோட தலை. "நானும் ஆட்டத்தான் வஞ்சேன் டீச்சர். மாறிப் போயி உங்களுக்கு ஒரு கெட்ட பேரு வந்துடக் கூடாதுன்னு… அந்தப் பரீட்சையில நீங்க தோத்துட்டீங்கன்னா?"

அவ தோத்துடக் கூடாதுன்னு ரெண்டு பொம்பளைங்க ஏழு வருஷத்து வீம்ப ஒரு ஆட்டு வழியா வளைச்சிருக்காங்க. அம்சவள்ளி கண்ணாடிய தொடைச்சா. மோர் குடுத்தாங்க. ரெண்டு பக்கத்துல இருந்தும் குடுத்தாங்க. ரெண்டையும் குடிச்சிட்டு பஸ் ஏறுனா.

பஸ்ஸுல இருந்தே சாருக்கு போன் போட்டா. அவரு கதைய முழுசா கேட்டாரு. ரெண்டு தடவ சிரிச்சாரு. அப்புறம், "க்ஹ்ம். பேசலன்னுதானே சொல்றாங்க? அப்ப பேசல. ஆடு என்ன அசெஸ்ஸரா?"

"சார், அது பொய் சார்."

"சரி. உன் இஷ்டம். நாள் இல்ல, அதையும் பாத்துக்க. க்ஹ்ம். ஒண்ணு செய்யி. ரெண்டு பேர்ல யாரோ ஒருத்தர்தான் முதல்ல முடிவு பண்ணியிருப்பாங்க, இன்னொருத்தர் பின்னால போயிருப்பாங்க. யாருது ஒரிஜினல்னு கேளு. அத வச்சிக்கலாம். இன்னொண்ணுக்கு மட்டும் வேற ஆள் பாரு. பாதி வேல மிச்சம்."

இது புத்தியான யோசன. ராத்திரியெல்லாம் பொரண்டு பாத்தாலும் அதுல ஓட்ட தெரியல. திங்கக்கெழம சாயங்காலம் திரும்பப் போனா. பாக்யலட்சுமிகிட்ட, அடுப்படி வாசல்ல நின்னு, வாத்தியாரு கொரல்ல கேட்டா. அந்தக் கொரலு அவளுக்குத் தானா வந்துடும், பரீட்சை ஹால்ல காப்பியடிச்சவங்கள கேக்குற கொரலு.

"அக்கா, உண்மைய சொல்லுங்க. யாரு போட்டது, யாரு பாத்து மாத்துனது?"

பாக்யலட்சுமிக்கு ஒதவணும்னு ஆச. டீச்சர் மூஞ்சி வாடிக் கெடக்கு, எந்தப் பதிலு சொன்னா அது தெளியும்னு பாத்தா. "நான்தான் டீச்சர் முதல்ல போடுவேன். அவ கேட்டுட்டுத்தான் போடுவா. என்னுது எல்லாம் சொந்தம்."

உண்ம அது இல்ல. அம்சவள்ளியே காதால கேட்டிருக்கா, கடைசி பத்தி யாரு படிச்சான்னு. ஆனா அவ அத சொல்றதுக்குள்ள செவுத்துக்கு அந்தப் பக்கம் ஒரு பாத்திரம் கீழ வச்ச சத்தம் கேட்டுச்சு. அனிதா செவுத்துக்கிட்ட வந்து நின்னா. ஆடு பக்கத்துலயேதான் இருந்துச்சு. அவ ஆட்டப் பாக்கல. பாக்யலட்சுமியப் பாத்தா.

"அன்னிக்கு புள்ள இல்லாதவ"ன்னா. சத்தம் போடல. "இன்னிக்கு பாத்து எழுதுறவ. அப்படித்தானக்கா?"

ஏழு வருஷத்துல நேருக்கு நேரா பேசுன மொத பேச்சு. 'அக்கா'ன்னு வேற கூப்புட்டா.

பாக்யலட்சுமிக்கு அன்னிக்கு வராத வார்த்த இன்னிக்கும் வரல. அனிதா செவுத்து மேல கை நீட்டி, கழுவி கவுத்து வச்சிருந்த அவளோட கிண்ணத்த எடுத்துக்கிட்டு உள்ள போயி கதவ சாத்துனா.

அம்சவள்ளி கதவத் தட்டியிருக்கலாம். 'கடைசி பத்திய நீங்கதான் படிச்சீங்க, நான் கேட்டேன்'னு ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம். அவளும் வாசல்ல நின்னா. நிக்கிறப்ப மனசுக்குள்ள ஒரு மூலையில, எல்லாம் ஓஞ்ச ஒரு மூலையில, ஒண்ணு தெளிவா தோணுச்சு: இனிமே இவங்க பேச மாட்டாங்க. ஆட்டுக்கிட்ட கூட.

அந்த வாரமே புதுசா வேற கேள்விங்கள ரெண்டு டேப்புலயும் ஏத்தி அனுப்புனா. நந்தினிதான் கொண்டு போனா. "என்ன மேம் நடந்துச்சு? அம்மா சாப்புட மாட்டேங்குது"ன்னா. "ஒண்ணுமில்லம்மா, வேல கொஞ்சம் ஜாஸ்தி"ன்னா அம்சவள்ளி.

ரெண்டு டேப்பும் திரும்பி வந்துச்சு, பங்குனி முடியுறதுக்குள்ள. பக்கத்துல பக்கத்துல வச்சிப் பாத்தா. நூத்துக்கு எழுபத்தி சொச்சம். எப்படி இருக்கணுமோ அப்படி. அனிதாவோடதுல ஒண்ணு மட்டும் கண்ணுல பட்டுச்சு. 'உதவும்' இருக்கு, 'உதவாது' இருக்கு. 'கொஞ்சம்' ஒரு எடத்துல கூட இல்ல. முன்னால ரெண்டு பேரும் பேசி சமாதானமான எடத்துல எல்லாம் தட்டுன பட்டன் அதுதான்.

"க்ஹ்ம். ஹெல்தி"ன்னாரு சார். "வெரி ஹெல்தி. இப்பதான் மனுஷங்க போட்ட மாதிரி இருக்கு."

பழச எல்லாம் தூக்கிப் போட்டுட்டு, ஏன் போட்டோம்னு ஒரு வரியும் எழுதி, புதுச வச்சி கட்டுரைய அனுப்புனா. அந்த வரியில ஆடு இல்ல. 'மதிப்பீட்டாளர்கள் மறைமுகமாகத் தொடர்பு கொண்டது கண்டறியப்பட்டதால்'னு இருந்துச்சு. ரெண்டாம் ரிவ்யூவர் அவ நேர்மைய பாராட்டுனாரு. கட்டுரை ஏறுச்சு. கெடுவுக்குள்ள தீசிஸ் போச்சு. தீசிஸ் குடுத்தாச்சுன்னதும் நிர்வாகமும் எறங்கி வந்துச்சு, ஜூன்ல வேலையில தொடர்றவங்க லிஸ்ட்ல அவ பேரு இருந்துச்சு.

நடுவுல ஒரு தடவ லட்டு வாங்கிக்கிட்டு செட்டிகுளம் போனா. ரெண்டு டப்பா. கடைக்காரன், "ஒரே வூட்டுக்கா மேடம், பெருசா ஒண்ணா கட்டிடட்டா?"ன்னான். "இல்ல, ரெண்டா கட்டுங்க"ன்னா. வாசல்ல யாரு சத்தமும் இல்ல. செவுத்து மேல ஒண்ணும் இல்ல. பாக்யலட்சுமி வந்து வாங்கிக்கிட்டு, "நல்லாருங்க டீச்சர்"ன்னா. அனிதா வந்து வாங்கிக்கிட்டு அதையேதான் சொன்னா. அன்னிக்கு வாசல்ல சொல்லாம விட்ட வார்த்தய அனிதாகிட்ட இப்ப சொன்னா அம்சவள்ளி. "கடைசி பத்திய நீங்கதான் படிச்சீங்க. எனக்குத் தெரியும்."

"தெரியுங்களா"ன்னா அனிதா. "அப்ப அன்னிக்கு சும்மா நின்னீங்களே டீச்சர்."

கருப்பி செவுத்து மேல முன்னங்கால வச்சி நின்னுக்கிட்டு, இந்தப் பக்கம் ஒரு தடவ கத்துச்சு, அந்தப் பக்கம் ஒரு தடவ கத்துச்சு. யாரும் அத வையக் கூட இல்ல.

வைவா, தீசிஸுக்கான வாய்மொழிப் பரீட்சை, காலேஜ் செமினார் ஹால்ல நடந்துச்சு. சமோசா, காப்பி, சாருக்கு சால்வை, வெளியூர் எக்ஸாமினருக்கு ஒரு சால்வை. முத்தாயி முன் வரிசையில, வெளுத்த பட்டுப் பொடவையில, டிவி பாக்குற மாதிரியே ஸ்கிரீனப் பாத்துக்கிட்டு உக்காந்திருந்துச்சு. யாருமே எதிர்பாக்கல, செட்டிகுளத்துல இருந்தும் வந்திருந்தாங்க. பாக்யலட்சுமி ஒரு பஸ்ஸுல. அனிதா அதுக்கு அடுத்த பஸ்ஸுல. கடைசி வரிசையில இந்த மூலையில ஒருத்தி, அந்த மூலையில ஒருத்தி. நடுவுல காலி நாற்காலிங்க.

எக்ஸாமினர் நல்ல மனுஷரு. எல்லாம் கேட்டு முடிச்சி, கடைசியா இங்கிலீஷ்ல ஒரு கேள்வி கேட்டாரு. ரெண்டு மதிப்பீட்டாளரும் ஒரே ஊரு, ஒரே வூடுன்னு போட்டிருக்கீங்க. ஒருத்தருக்கொருத்தர் கலந்து பேசலன்னு எப்படி உறுதி பண்ணீங்க?

அம்சவள்ளி கண்ணாடிய கழட்டுனா. முந்தானையில தொடைச்சா. பின்னால பசங்க வரிசையில லேசா ஒரு கனைப்பு. மாட்டிக்கிட்டு ஜன்னலப் பாத்தா. அப்புறம் பின் வரிசையோட ரெண்டு மூலையையும் பாத்தா.

"தே ஆர் நாட் ஆன் ஸ்பீக்கிங் டெர்ம்ஸ், சார்"ன்னா. ரெண்டு பேருக்கும் பேச்சுவார்த்த கெடையாதுன்னு.

ஹாலே சிரிச்சிடுச்சி. எக்ஸாமினர் மேசையத் தட்டிச் சிரிச்சாரு, சார் செருமலும் சிரிப்புமா கெடந்து தவிச்சாரு, பசங்க விசில் அடிச்சானுங்க. "எக்சலண்ட் மெத்தடாலஜி"ன்னாரு எக்ஸாமினர், இன்னொரு சிரிப்பு.

கடைசி வரிசையில பாக்யலட்சுமிக்கும் அனிதாவுக்கும் இங்கிலீஷ் புரியல. டீச்சர் ஏதோ நல்லா சொல்லிடுச்சி போலருக்கு, ஜெயிச்சிடுச்சி போலருக்குன்னு, எல்லாரையும் பாத்து அவங்களும் சிரிச்சாங்க. இந்த மூலையில ஒருத்தி, அந்த மூலையில ஒருத்தி, கை தட்டிக்கிட்டு.

அம்சவள்ளி அடுத்த ஸ்லைடு போட்டா. 'நன்றி'ன்னு இருந்துச்சு.